பதினோராம் நம்பருக்குப் போகாத பந்து

கோப்பை கைநழுவிப் போன அன்று சாயங்காலம், தோற்ற பனியனோடும் காய்ந்த தொண்டையோடும் சுகிர்தா மைதானத்தை விட்டு வெளியே வந்து, பெட்ரோல் பங்கைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, தன் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தபோது, பந்து பின்னாலேயே உருண்டு வந்துகொண்டிருந்தது. யாரும் அதை உதைக்கவில்லை. சரிவும் கிடையாது, சொல்லப்போனால் அது மேட்டுத் தெரு. அவள் நின்றால் நின்றது, நடந்தால் உருண்டது, வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றியதும் செருப்புக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. அம்மா பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்து, "ஊர்ப் புழுதியெல்லாம் ஒட்டிக் கெடக்கு, கழுவாம உள்ள கால வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். மகளிடம் சொன்னாளோ பந்திடம் சொன்னாளோ, இரண்டும் கழுவிக்கொண்டுதான் உள்ளே போயின.

மேலக்கரட்டூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் சித்திரை பிறந்தால் தேர் இழுப்பார்கள்; இங்கே பாஸ்கெட்பால் நடத்துவார்கள். சவுக்குக் கம்பு கட்டி காலரி போட்டு, கறிக்கடைக்காரர் முதல் கல்யாணத் தரகர் வரைக்கும் ரெஃப்ரியை வைவதற்கென்றே தொண்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற ஊர் இது. அந்த மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு. மைக்கில் யார் பேரையும் சொல்லக் கூடாது, நம்பரைத்தான் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் எந்தத் தெரு என்று தெரியும், தெரு தெரிந்தால் அடிதடி வரும், ஒரு தடவை வந்து காலரிக் கம்பெல்லாம் உருவப்பட்டதற்குப் பிறகு மைக்செட் தவமணி போட்ட சட்டம் அது. அன்றிலிருந்து ஆடுகிறவர்களும் ஒருவரை ஒருவர் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தவமணியின் சொந்த மகளே மகளிர் கல்லூரி அணிக்கு வந்து சேர்ந்தபோதும், மைக்கைப் பிடித்துவிட்டால் அவருக்கு அவள் வெறும் ஏழாம் நம்பர். அந்த ஏழாம் நம்பர்தான் சுகிர்தா.

அவள் பாயின்ட் கார்டு. அப்படியென்றால், பந்தை மேலே கொண்டு போய் அது யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள்; பந்தியில் பரிமாறுகிறவள் மாதிரி, தன் இலையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஃபைனலில் ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறார்கள், விசில் ஊத மூச்சு விடுகிற நேரம்தான் பாக்கி, வளையத்துக்கு நேர் கீழே பதினோராம் நம்பர் ரோஸ்லின் தன்னந்தனியாக நின்றுகொண்டு, பனைமரம் மாதிரி இரண்டு கையையும் தூக்கி, "ஏழு! ஏழு!" என்று கத்துகிறாள். சுகிர்தா பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு யாரிடமும் அவள் பொய் சொன்னதில்லை. கை பந்தை அந்தப் பக்கம் நகர்த்திவிட்ட அந்த நேரத்தில்தான், மைதானத்து நாலு மூலைக் குழாயும் ஒன்றாக வாயைத் திறந்து, "சுகிர்தா! போடும்மா, என் சாமீ!" என்று அலறின. அவள் போட்டாள். பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே விழுந்தது.

தவமணி மைக்கை மேஜையில் வைத்தவர்தான். அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டினார், வயர் இழுத்தார், ஆனால் மைக்கில் ஒரு 'ஹலோ' சொல்லவில்லை. கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். வீட்டிலும் பேச்சுக் குறைந்துபோயிற்று. மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவார். அவள் திரும்புவாள், பந்தும் திரும்பும், அவருக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும்.

மேட்ச் நடத்துகிற கமிட்டியின் பந்தாயிற்றே, செயலாளர் சும்மா விடுவாரா? ஆள் அனுப்பி வாங்கிப் போனார், மத்தியானத்துக்குள் அது வந்து கதவைத் தட்டியது. பீரோவில் வைத்துப் பூட்டினார், பீரோ ஆடிய ஆட்டத்தில் அவர் வீட்டுக் கைக்குழந்தைக்குத் தூக்கம் போனது. சாக்கில் கட்டி, வாழைத்தார் ஏற்றிச் சென்னைக்குப் போன லாரியில் போட்டுவிட்டார்கள். எந்தெந்த ஊர்ப் புழுதியோ அப்பிக்கொண்டு, ஒரு பக்கம் தோல் தேய்ந்து, கொஞ்ச நாளில் தெருமுனையில் வந்து நின்றது. "போய்த் தொலையட்டும், அது யாரு பின்னால போகுதோ அவங்க பந்து" என்று கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. டவுன் பஸ் கண்டக்டர் முதல் நாள், "அதுக்கும் டிக்கெட் எடு, லக்கேஜு" என்றார். இரண்டாம் நாள், "மடியில வச்சுக்கிட்டா கேக்க மாட்டேன்" என்றார். மூன்றாம் நாளிலிருந்து அது படி ஏறுகிற வரைக்கும் விசில் அடிக்காமல் காத்திருந்தார். ஊர் பழகிக்கொண்டது. பஞ்சவர்ணம்கூட வாய் ஓயாமல் வைதுகொண்டே, தண்ணீர்க்குடத்துக்கு வைக்கிற சும்மாடு ஒன்றை வாசலோரம் போட்டு வைத்தாள், ராத்திரி உருண்டு உருண்டு உசிரை எடுக்காமல் ஓரிடத்தில் கிடக்கட்டும் என்று.

சிக்கல் அதில் இல்லை. லீவுக்கு முந்திய கடைசிப் பயிற்சியில்தான் அது தெரிந்தது. அந்தப் பந்து என்றில்லை, எந்தப் பந்தை எடுத்து யாருக்குப் பாஸ் கொடுத்தாலும், அது பாதி வழி போய், காற்றில் கொஞ்சம் நின்று, எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தவன் மாதிரி திரும்பி அவள் கைக்கே வந்தது. வளையத்துக்கு எறிந்தால் போனது, வலைக்குள் விழுந்துவிட்டு அவளிடமே வந்தது. ஆளுக்கு எறிந்தால் மட்டும் போகவில்லை. "பதினொன்னு!" என்று கத்திக் கொடுத்தாள், வரவில்லை. "நாலு! ஒம்போது!" எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்தாள். ரோஸ்லின் ஷூவைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஃபைனலுக்குப் பிறகு அவள் சுகிர்தாவிடம் பேசியதே இல்லை.

பி.டி. டீச்சர் குளோரி மேடம் இடுப்பில் கையை வைத்து எல்லாவற்றையும் பார்த்தார். ரெஃப்ரிகள் சங்கத்துக்கு ஃபோன் போட்டு, பந்து தானாகத் திரும்பி வந்தால் தப்பா என்று விசாரித்தார். அப்படி வரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். "சரி, சட்டத்துல எடம் இருக்கு. என் டீம்ல இல்ல" என்றார் மேடம். "இங்க பாரு சுகிர்தா, பந்து உங்கிட்ட வர்றது பெருசில்ல. அது உன்ன விட்டுப் போகணும், அதுக்குத்தான் உனக்கு அந்த எடம். காலேஜ் தொறக்கிற அன்னைக்கு செலக்‌ஷன் மேட்ச். ஒரே ஒரு பாஸ் போய்ச் சேரட்டும், நீதான் ஏழாம் நம்பர். சேரலையா, பனியனைக் கழட்டி அந்த ஃபர்ஸ்ட் இயர் ஹர்ஷினிகிட்ட குடுத்துரு."

பனியன் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சீட்டும் போகும், சீட்டுப் போனால் படிப்பும் போகும். படிப்புப் போனவர்களை ஏற்றிக்கொள்ள நூல்மில் வேன் திங்கட்கிழமை தோறும் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். சித்தி மகள் அதில்தான் போனாள்.

அந்தக் கோடையில் அவள் உழைத்த உழைப்பு இருக்கிறதே, அதை மேலக்கரட்டூர் இன்னும் பேசுகிறது. விடிவதற்குள் கரட்டு மேட்டுக்கு ஓடினாள், பந்து முன்னால் ஏறி நின்று காத்திருந்தது. இடது கையால் பல் தேய்த்தாள், இடது கையால் சோறு பிசைந்தாள் (அம்மாவிடம் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டாள்), இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே மார்க்கெட்டில் கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு கூடைக்காரி மேலும் இடிக்காமல் வெளியே வந்தாள், அவள் குனிந்தால் பந்து குனிந்தது, அவள் மூச்சைப் பிடித்தால் அதுவும் பிடித்தது. வைகாசி முடிவதற்குள் அவள் கையிலிருந்து பந்தைப் பறிக்க ஊரில் ஆண்பிள்ளை ஒருத்தனுக்கும் முடியவில்லை. "கோப்பை நம்மளுக்குத்தான்டா! இவ ஒருத்தி போதும், மத்த நாலு பேரும் வீட்ல கெடக்கட்டும்" என்று டீக்கடையில் முடிவே செய்துவிட்டார்கள். அவளைக் கண்டால் இப்போது யாரும் ஏழு என்று சொல்வதில்லை. சுகிர்தா, சுகிர்தா என்று பேரையே சொன்னார்கள். சொல்லச் சொல்லப் பந்து அவள் காலோடு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. தன்னை விட்டுப் போகவே போகாத ஒன்று ஒருத்திக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த ஆசைதான் அவளைப் பயமுறுத்தியது.

இதற்கு நடுவில் பாக்கியம் வந்தாள். பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் ஆப்பக்கடை போட்டிருக்கிறவள். அவள் மகன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், போனவன் போனவன்தான், ஃபோனும் இல்லை, சேதியும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்து முழுகி வந்து பந்துக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, "எங்க விட்டாலும் திரும்பி வர்ற சாமீ, அவனையும் திருப்பிக் கூட்டிட்டு வா" என்று தொட்டுக் கும்பிட்டாள். அடுத்த வெள்ளி இன்னும் சிலர் வந்தார்கள். துபாய்க்குப் போனவனின் சட்டையைக் கொண்டுவந்து ஒருத்தி பந்தின் மேல் போர்த்தினாள், காணாமல் போன கிடாயின் கயிற்றை ஒருவர் சுற்றினார். ஒரு கிடாய் வந்தும் விட்டது, அது பசிக்கு வந்ததா பந்துக்கு வந்ததா என்று யார் கேட்கப் போகிறார்கள்! பஞ்சவர்ணம் வாசலில் கோலத்தைப் பெரிதாகப் போட ஆரம்பித்தாள். பாக்கியம் மட்டும் ஒரு வெள்ளியும் தவறவில்லை. கல்லூரி திறப்பதற்கு முந்தின வெள்ளியன்று சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ பந்தைக் குடுத்தாத்தான் படிப்புன்னு பேசிக்கிறாக. அந்தப் பாவி வர்ற வரைக்குமாச்சும் இதை விட்றாத கண்ணு. எனக்கு வேற போக்கு இல்ல."

"விடணும்னாலும் அது போக மாட்டேங்குதே அத்தை" என்றாள் சுகிர்தா. அன்றைக்கு அது உண்மையாக இருந்தது.

மறுநாள் அவள் ரோஸ்லினைத் தேடிப் போனாள். ரோஸ்லினின் அப்பா சவரியார் கோடை முழுக்க பஸ் ஸ்டாண்டில் தர்பூசணி போடுகிறவர். அன்றைக்குத்தான் கடைசி லோடு வந்து நின்றது. லாரி மேல் நின்று பழம் எறிகிற ஆள் வராததால் அவர் கத்திக்கொண்டிருந்தார். "ஏம்மா ஏழாம் நம்பரு, வேடிக்கை பாக்காம மேல ஏறு, புண்ணியமாப் போகும்!" சுகிர்தா ஏறினாள். கீழே கையை விரித்துக்கொண்டு நின்றவள் ரோஸ்லின். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கையை மட்டும் திருப்பவில்லை, வேலை வேலைதானே. சுகிர்தா முதல் பழத்தைத் தூக்கி எறிந்தாள். அது பாதி வழியில் நின்றது, யோசித்தது, திரும்பி வந்து அவள் நெஞ்சில் மோதி உடைந்தது. சட்டையெல்லாம் சிவப்பு.

"அடியே!" என்று ரோஸ்லின் கத்தினாள். அத்தனை நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை. "ஊமைச்சி மாதிரி எறிஞ்சா எப்படி வரும்? பேரைச் சொல்லி எறிடீ! இது என்ன உங்கப்பா கிரவுண்டா?"

லாரிக்காரர்களின் வழக்கம் அது. யாருக்கு எறிகிறோமோ அவர் பேரைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் பழத்தை விட்டால் கீழே நிற்கிறவர் மூக்கு உடையும். சுகிர்தாவின் வாய் பழகிய பழக்கத்துக்குப் "பதி..." என்று ஆரம்பித்து, நின்று, "ரோஸ்லின்" என்றது. பழம் போனது. நேராகப் போய் ரோஸ்லினின் கையில் உட்கார்ந்தது. "ரோஸ்லின்." இன்னொன்று. "ரோஸ்லின். ரோஸ்லின்." சொல்லச் சொல்லப் பழங்கள் போய்க்கொண்டே இருந்தன, லாரி காலியாகிக்கொண்டே வந்தது, சுகிர்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டே வந்தது. டயருக்கு அடியில் கிடந்த பந்து அசையாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

லாரியிலிருந்து இறங்கியதும், "நாளன்னைக்கு மேட்ச்ல கையத் தூக்குவியா?" என்று கேட்டாள் சுகிர்தா.

"தூக்குவேன். கூப்புட மாட்டேன்" என்றாள் ரோஸ்லின். "அன்னைக்குத் தொண்டை கிழியக் கூப்புட்டேன். ஒரு தடவ கேட்டுக் கெடைக்காதத நான் ரெண்டாந்தடவ கேக்க மாட்டேன்."

வழி தெரிந்துவிட்டது, அதனால்தான் சுகிர்தாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தெரியாமல் இருந்தபோது விதி என்று இருந்துவிட முடிந்தது. இப்போது விடுவதும் விடாததும் அவள் வாயில் இருக்கிறது. விட்டால் பாக்கியத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? விடாவிட்டால் திங்கட்கிழமை ஹாரன். இது போதாதென்று, மைதானத்தில் பேரைச் சொல்லக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம், அவரே ஒரு தடவை மீறியதற்குத்தான் இந்தப் பாடு.

செலக்‌ஷன் மேட்சுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. காலரி இல்லாததால் மதில் மேலும் வேப்பமரத்து மேலும் ஏறியிருந்தார்கள். முன்வரிசையில் தரையில் பாக்கியம், கையில் குங்குமச் சிமிழோடு. தவமணி குழாய் கட்டி, வயர் இழுத்து, மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, ஒதுங்கி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

ஹர்ஷினி லேசுப்பட்டவள் இல்லை. நிழல் மாதிரி ஒட்டினாள். ஆனாலும் சுகிர்தாவை என்ன செய்ய முடியும், அவள் புகுந்து புகுந்து போட்டாள், பந்து வலையில் விழுந்து விழுந்து அவளிடமே வந்தது. ரெஃப்ரி அதை வாங்கிக் கொடுக்கக் கொடுக்க, எதிரணியில் ஐந்து பேர் கை மாற்றிக் கை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், இவள் ஒருத்தியாகவே அவர்களுக்கு ஈடு கொடுத்தாள், கூட நின்ற நாலு பேரும் தெருவிளக்குக் கம்பம் மாதிரி நின்றார்கள். குளோரி மேடம் ஒரு தடவைகூடக் கை தட்டவில்லை. நேரம் ஓடியது. ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறார்கள். பழைய மாதிரியே மூச்சு விடுகிற நேரம்தான் பாக்கி.

"சுகிர்தா! சுகிர்தா! சுகிர்தா!"

ஊர் முழுக்கக் கத்தியது. மதில் கத்தியது, மரம் கத்தியது. கத்தக் கத்தப் பந்து அவள் உள்ளங்கையில் பலாப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டது. எதிரே வளையம் திறந்து கிடந்தது. இந்த இடத்திலிருந்து கோடை முழுக்க அவள் தவறவிட்டதே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழும், விழுந்து அவளிடமே வந்துவிடும். வலப்பக்கம் ரோஸ்லின் தனியாக நின்றாள். கையைத் தூக்கியிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. சுகிர்தா அந்தக் கையைப் பார்த்தாள், அப்புறம் ஒரே ஒரு கணம் பாக்கியத்தைப் பார்த்தாள், பாக்கியம் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மன்னிச்சிரு அத்தை என்று மனசு சொன்னது. வாய் வேறு சொன்னது.

"ரோஸ்லின்!"

பந்து கிளம்பியது. பாதி வழியில் நின்றது. எல்லார் தலைக்கும் மேலே அது தொங்கிக்கொண்டு, மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, கைவிடுகிறாயா என்று கேட்கிற பிள்ளை மாதிரி அவளையே பார்த்தது. "போ" என்றாள் சுகிர்தா. பிறகு அடிவயிற்றிலிருந்து, "ஏய் ரோஸ்லின், புடிடீ!" என்று கத்தினாள்.

தப் என்று ஒரு சத்தம். ரோஸ்லினின் இரண்டு உள்ளங்கையிலும் பந்து இருந்தது. நம்ப முடியாமல் அவள் அதை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் எட்டி வளையத்துக்குள் வைத்துவிட்டாள். விசில் ஊதியது. வலையிலிருந்து விழுந்த பந்து தரையில் துள்ளியது, துள்ளல் குறைந்தது, உருண்டு போய்க் கம்பத்தில் முட்டி நின்றது. திரும்பி வரவில்லை.

"நாளைக்கு அஞ்சரைக்குப் பிராக்டீஸ்" என்றார் குளோரி மேடம். "ஏழாம் நம்பர், உனக்கும்தான். லேட்டா வந்தா கிரவுண்டைச் சுத்த விட்டுருவேன்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஒருத்தரும் கை தட்டவில்லை. பாக்கியம் எழுந்து, கம்பத்தடிக்குப் போய், குனிந்து பந்தைத் தொட்டாள். அது சும்மா கிடந்தது, கடையில் தொங்குகிற பந்து மாதிரி.

"போயிருச்சா கண்ணு?"

"போயிருச்சு அத்தை." சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டு, வரப்போகிற வசவுக்குக் காத்திருந்தாள்.

பாக்கியம் வையவில்லை. "என்னமோ சொல்லித்தான அனுப்புன. என்ன சொன்ன?"

"பேரைத்தான் சொன்னேன்."

"பேரையா" என்று பாக்கியம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மகன் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு, எக்கேடு கெட்டாவது போ என்று கத்தியவள் அவள். அன்றிலிருந்து அவன், அந்தப் பய, அந்தப் பாவி என்றுதான் சொல்லி வந்தாள், சாமியிடம் கேட்டபோதும் அப்படித்தான் கேட்டாள். சிமிழை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக மைக் மேஜைக்குப் போனாள். "தவமணிண்ணே, என் மவன் பேரை ஒரு தடவ இதுல சொல்லுங்க. ரோட்டுல போற லாரிக்கெல்லாம் கேக்கட்டும்."

கூட்டம் அசைந்தது. இந்த மைக்கில் பேர் சொன்னால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். தவமணி வாயிலிருந்த துண்டை எடுத்தார். எழுந்து வந்து, மைக்கை எடுத்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார், நாலு மூலைக் குழாயும் தொண்டையைச் சரிசெய்துகொண்டன. வாயைத் திறந்தவர் மகளைப் பார்த்தார். அவள் கை வெறுமையாக இருந்தது. அவர் மைக்கைப் பாக்கியத்தின் பக்கம் நீட்டினார்.

"நான் கூப்புட்டா பந்துதான் வரும், தங்கச்சி. நீங்க கூப்புடுங்க."

அவள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது, மேலக்கரட்டூர் முழுக்க, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும், பைபாஸ் ரோடு வரைக்கும் ஒரு தாயின் மூச்சு. அப்புறம் வந்தது.

"அருள்பாண்டி... ஏய் அருளு... அம்மாதான்டா."

எந்தத் தெரு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மதில் மேல் இருந்தவர்களும் மரத்து மேல் இருந்தவர்களும் மைதானத்து வாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள். ரோஸ்லின் வந்து சுகிர்தாவுக்குப் பக்கத்தில் நின்றாள். இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பந்துக்கு நிற்கிற மாதிரி உள்ளங்கைகளை விரித்தபடி.